மூன்று கால் காது

எய்லிஃப் பனியில் வழுக்கி முட்டியை உடைத்துக்கொண்டது
நவம்பர் இருபத்தோராம் தேதி.
அதற்கு இரண்டு நாள் கழித்து
சூரியனும் விடுப்பில் போனது.
வார்டோ தீவில் இரண்டுமே செய்தியில்லை.

படம் ஓட்டும் கணினி டிவிக்கு அடியில் இருக்கிறது.
நானே கோத்தது, விசிறி மட்டும் கொஞ்சம் இருமும்.
கீபோர்டின் கம்பி ஒன்றரை மீட்டர்.
சோபா மூன்றரை மீட்டரில்.
மிச்சமிருந்த இரண்டு மீட்டரும் நான்தான்:
நிறுத்து, ஓட்டு, சத்தத்தைக் குறை,
அவள் இப்போ என்ன சொன்னாள், பின்னால் போ.

துறைமுகத்தில் நாளெல்லாம் படகுக்கு வெல்டிங் வைத்துவிட்டு
வீட்டிலும் நெருப்பா என்று கேட்டான்,
நான் சால்டரிங் கோலை எடுத்தபோது.
உனக்காகத்தான் என்று சொல்லவில்லை.
எனக்காகத்தான்.

ஒரு ரிசீவர், பட்டாணி அளவு, கறுப்பு.
அதற்கு மூன்று கால்:
ஒன்று உண்ண, ஒன்று மண்ணில் ஊன்ற,
ஒன்று கேட்டதை அப்படியே போய்ச் சொல்ல.
கூட ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர்,
செத்த மோடத்திலிருந்து அறுத்தெடுத்த வால்.
ரிமோட் கொழுந்தன் ஓட்முண்ட் கொடுத்தது.
அதற்குச் சொந்தமான வீடியோ பிளேயர்
குப்பைக்குப் போய்ப் பல வருஷம்.

முதல் இரவு. அழுத்தினேன். ஒன்றுமில்லை.
செவிடன் காதில் ஊதிய சங்கு.
ஆனால் சங்கை ஊதினோமா என்பதே யாருக்குத் தெரியும்?
அந்தச் சிவப்பைப் பார்க்க நமக்குக் கண்ணில்லை.
எய்லிஃப் தன் போன் காமிராவை
ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்தான்.
வெளிர் ஊதாவில் ஒரு பொட்டு
படபடவென்று இமைத்தது.
அப்போ குற்றம் காதில்தான்.

இரண்டு கால்கள் இடம் மாறி நின்றிருந்தன.
மாற்றி ஒட்டினேன். அவனிடம் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப்
பெயர் வைக்க வேண்டும்.
இது ஓட்டு. இது நிறுத்து.
டேப்பை வெளியே தள்ளும் பொத்தானுக்கு
இனி வேலையில்லை.
அதற்கு எய்லிஃப் காபி என்று பெயரிட்டான்.
அழுத்தினால் திரையின் மூலையில் காபி என்று எழுத்து வரும்,
நான் எழுந்துபோக வேண்டும்.

டிசம்பரில் ஒரு நோய்:
ஒருமுறை அழுத்தினால் இருமுறை கேட்டது.
இருமுறை சொன்னாலும் ஒருமுறை கேட்காத ஆளோடு
பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு
அது நோயாகவே படவில்லை.
ஆனாலும் கோப்பைத் திறந்து ஒரு எண்ணை ஏற்றினேன்.

அதன் பிறகு இருட்டு முழுக்க
அது ஒரு குறையும் வைக்கவில்லை.

ஜனவரியின் பின்பாதியில் ஒரு பகல்
கோட்டையில் பீரங்கி வெடித்தது.
முழு வட்டமும் கடலைவிட்டு எழுந்துவிட்டதாம்.
பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. நான் ஜாம் பன் வாங்கிவந்தேன்.
வெளிச்சம் பக்கத்து ஜன்னல் வழியாக நுழைந்து
கம்பளத்தை, ஊன்றுகோலைத் தாண்டி
நேரே டிவிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

எய்லிஃப் நிறுத்து என்று அழுத்தினான். நிற்கவில்லை.
பேட்டரி மாற்றினான். காமிராவில் பார்த்தான்,
ஊதாப் பொட்டு சரியாகவே இமைத்தது.
நான் காதைத் தொட்டேன்.
இளஞ்சூடு.

சூரியனும் அதே சிவப்பில்தான் பேசுகிறது.
எங்கள் பொத்தானைவிட உரக்க,
மூச்சே விடாமல்,
ஒரே நீளச் சொல்லாக.

திரைச்சீலையை இழு என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
படம் தன்பாட்டுக்கு ஓடியது, யாரோ யாரையோ சுட்டார்கள்.

எய்லிஃப் எழுந்தான். ஊன்றுகோலைத் தொடவில்லை.
முட்டி ஒருமுறை முனகியது.
ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே போய்
வெளியே பார்த்தபடி நின்றான்.
அவன் நிழல் காதின்மேல் விழுந்தது.
"இப்போ அழுத்து," வாய் நிறைய பன்.
அழுத்தினேன். நின்றது.
"நகரட்டுமா?"
"நகராதே."

மறுநாள் பன் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி
காதுக்கு ஒரு கூரை ஒட்டினேன்.
கோணல்தான், உள்பக்கம் ஜாம் கறை.
ரிமோட் இப்போது என் கையில் இருக்கிறது.
காபி.