பதினெட்டாவது துளை

ரெசொலூட்டில் மே மாதம் சூரியன் படுப்பதில்லை.
இரவு பதினொன்றரைக்கு
ஸ்கிடூவின் பின்னால், மரச்சட்டத்தில்
குளிர்பெட்டிகளைக் கட்டினோம்.
மற்ற ஊர்களில் அவை பொருளைக் குளிராக வைக்கும்,
இங்கே உறைந்துவிடாமல் காக்கும்.

சிமியோனி துப்பாக்கியோடு
எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறான்.
அவன் தேடுவது கரடியை.
நான் தேடுவது
கரடி தின்னும் சீல் தின்னும் மீன் தின்னும்
பொடி இறால் தின்னும் ஒன்றை.
"பெரியது என் சம்பளம், சின்னது உன் சம்பளம்,"
என்கிறான், திரும்பாமலே.

ஒரு மீட்டர் நாற்பது இறங்கியதும்
துளைக்குழாயின் சத்தம் மாறும்.
கறகறப்பு போய்க் கொழகொழப்பு.
பிறகு கடல் ஏறி வந்து பூட்ஸை நனைக்கும்.
உருவி எடுத்தால்
வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கொஞ்சம் சாம்பல்,
கடைசி மூன்று விரற்கடை மட்டும் பழுப்பு,
கழுவ மறந்த டீ டம்ளரின் அடிபோல.
மார்லேன் அதை ரம்பத்தால் அறுக்கும்வரை
என் நிழலை அதன்மேல் போர்த்தி நிற்பேன்.
மாதக்கணக்கில் இருட்டில் கிடந்து
நூற்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில்
சமைத்துச் சாப்பிடப் பழகியவை.
நம் பகல் அவற்றுக்குச் சூடு போடும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்
என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.
இவை குடித்தால் வெடித்துவிடும்.
கடல் உறையும்போது உப்பை ஒதுக்கித் தள்ளுகிறது;
தள்ளிய உப்பு
மயிரிழைக் கால்வாய்களில் தேங்கி நிற்கிறது;
அந்த உவரில்தான் பாசியின் குடித்தனம்,
பாசி சிந்துவதைப் பொறுக்கும்
பாக்டீரியாக்களின் குடித்தனம்.
ஆகவே கடல்நீரையே வடிகட்டி ஊற்றி,
கறுப்புத் துணி சுற்றிய வாளியில்
இருபது மணிநேரம்
கரைவது தெரியாமல் கரைக்கிறோம்.

வெளியே யாரும் இத்தனை பதமாகக் கரைப்பதில்லை.

மே பத்தொன்பது: மேல்பனியில் மழை.
சிமியோனி கையுறையைக் கழற்றி
ஒரு துளியை வாங்கினான்.
ஹாக்கி ஸ்கோர் பார்க்க ஃபோனை எடுத்தான்.
சிக்னல் இல்லை. உள்ளே வைத்தான்.
மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேல்பனி போனால் அடியில் வெளிச்சம் கூடும்,
அடி இளகும், பழுப்பு மொத்தமும்
கைவிட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும்.
அதை மேய வேண்டிய கோபிபாட்களோ
ஆழத்திலிருந்து இப்போதுதான் புறப்பட்டிருக்கின்றன.
பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று,
விருந்தாளிகள் இன்னும் வழியில்.

மே இருபத்தேழு காலை
கரைக்கும் எங்கள் கூடாரத்துக்கும் நடுவே
ஒரு கறுப்புக் கோடு.
மதியத்துக்குள் அதில் படகு விடலாம்.
கூடாரத்தை முதல்நாளே பிரித்திருந்தோம்,
சிமியோனியின் பிடிவாதத்தால்.
இன்னும் மூன்று துளைகள் பாக்கி இருந்தன.

பதினெட்டாம் வரிசையில் பேனாவை வைத்துக்கொண்டு
"பூஜ்யம் போடட்டுமா?" என்றாள் மார்லேன்.
போடாதே.
பூஜ்யம் என்றால் போனோம், துளைத்தோம்,
உருக்கினோம், எண்ணினோம், ஒன்றும் இல்லை.
இங்கே எண்ண ஆள் இருந்தது,
நிற்க இடம் இல்லை.
என் மொழியில் பூஜ்யத்துக்குச் சுழி என்றும் பெயர்,
தண்ணீர் தன்னையே சுற்றிக்கொள்வதும் சுழிதான்
என்று சொன்னேன்.
அவள் ஜன்னல் வழியே
பதினெட்டாவது துளை இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.
கட்டத்தைக் காலியாக விட்டாள்.

பக்கத்துக் கட்டம் பெட்ரோலுக்கு.
நாற்பத்தொரு லிட்டர், முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு.
அது மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

பதினேழு இன்னும் வாளியில் கரைந்துகொண்டிருந்தது.
மூடியைத் திறக்காமல் காதை வைத்தேன்.
சின்னச் சின்ன வெடிப்புகள்.
பனிக்குள் அடைபட்ட காற்றுதான், குமிழிகள்தான்,
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செல் வெடித்தால் சத்தம் கேட்காது.