இடது துடுப்பு

கராம்பு எண்ணெய் நான்கு துளி.
பல்வலிக்கென்று நோர்வூட் கடையில் வாங்கியது.
வாளித் தண்ணீரில் கலக்கி
விரல் நீளக் குஞ்சுகளை விட்டால்
ஒரு நிமிடத்தில் பக்கவாட்டில் சாயும்,
செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடும்.
அந்த இடைவெளிதான் எனக்கு.
இடது வயிற்றுத் துடுப்பைக்
குட்டிக் கத்தரியால் நறுக்கி
நல்ல தண்ணீரில் போட,
விழித்து, கோணலாக நீந்தி,
கோணலை மறந்து நீந்தும்.

இப்படி ஆயிரத்து இருநூறு.
மூன்றாம் நாள் சோற்றிலும் கராம்பு.

ஏன் மிஸ் நறுக்கணும் என்று கேட்டேன்.
"வலையில ஏறுறது நாம விட்டதா,
அங்கேயே பொறந்ததா, தெரியணும் பூமயில்.
இத்தனை வருஷமா விட்ட கணக்குத்தான் இருக்கு."

கணக்கு எனக்குப் புதிதல்ல.
எட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள்.
பதினெட்டுக் கிலோ நிறுத்து
சாக்குக்கு, ஈரத்துக்கு என்று
இரண்டைக் கழித்துப் பேர் எழுதிய தராசை
நின்று பார்த்தவள்.
இங்கேயும் கழிவு உண்டு.
பூஞ்சணம் தின்ற முட்டை,
தும்பிப் புழு தின்ற குஞ்சு,
மீன்கொத்திக்குப் போனது, காரணமே தெரியாமல் மிதந்தது.
எல்லாம் பச்சை அட்டைப் புத்தகத்தில்,
என் கையெழுத்தில்.

தை மாதம். உரச்சாக்கைப் பிரித்த நாரில்
முட்டைகள் ஒட்டிக் கிடந்தன.
பனி இறங்கித் தொட்டி குளிர்ந்துபோனது.
நான்காம் இரவுதான் கண் தெரிந்தது:
ஜவ்வரிசிக்குள் இரண்டு கரும்புள்ளி.
சாக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன,
என்னையோ, டார்ச்சையோ.

வடிகாலில் ஒரு கம்பி வலை.
அதற்கு அப்பால் ஓடை.
ஓடையில், கல்லோடு ஒட்டி வாழும் ஒரு சின்ன மீன்,
வேறெந்த நாட்டிலும் இல்லையாம்.
"நம்ம கெண்டை கப்பல்ல வந்தது.
நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவும் விடலாம்.
ஓடைக்கு ஒண்ணுகூடப் போகக் கூடாது."
ஹேமமாலி மிஸ் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை.
கப்பல்ல வந்தது என்ற சொல்
கொஞ்ச நேரம் வாளிக்குள் கிடந்தது.
வாளியைக் கழுவி ஊற்றினேன்.

வைகாசி மழையில், நடுச்சாமம்,
சருகு அடைத்துத் தொட்டி வழியப் போனபோது
நான்தான் வடிகாலில் இறங்கினேன்.
கப்பலில் வந்ததற்கும்
கல்லில் ஒட்டியதற்கும் நடுவே
முழங்கை வரை என் கை.
அட்டை கடித்தது காலையில்தான் தெரிந்தது.

காசல்ரீக் கரைக்குப் பொலித்தீன் பைகளில் கொண்டுபோனோம்.
படம் எடுக்க வந்தவர்கள்
உடனே கவிழ்க்கச் சொன்னார்கள்.
அரை மணி மிதக்கட்டும் சேர் என்றேன்,
பைத் தண்ணீரும் தேக்கத் தண்ணீரும்
ஒரே சூட்டுக்கு வரட்டும்.
சப்பாத்துக்காரர்கள் என் பேச்சுக்கு
சேற்றில் காத்து நின்றது
அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு ஒன்றுமில்லை. பதினான்கு மாதம்.
எவ்வளவு பெரிய தண்ணீர் அது.

மருதவீரன் போன் எடுத்தான்:
"அக்கா, ஒண்ணேகால் கிலோ.
இடது பக்கம் என்னமோ மாதிரி இருக்கு."
ஓட்டோ பிடித்துப் போனேன்.
துடுப்பு மறுபடி வளர்ந்திருந்தது,
அரைகுறையாக, முடிச்சு விழுந்த நூல் மாதிரி.
என் கத்தரி போன வழி அப்படியே இருந்தது.
மீனவர் சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள்,
மீனுக்கு அடையாள அட்டையா என்று.

வருஷ முடிவில்
நானூற்றி ஆறு கெண்டையைப் புரட்டிப் பார்த்து
பத்து.
கொஞ்சமா, நிறையவா?
மிஸ்ஸும் சொல்லவில்லை.
அடிமட்டம் வைத்துப் புத்தகத்தில்
புதிதாய் ஒரு கோடு இழுத்தார்,
தலைப்பில் "திரும்பியது" என்று எழுதினார்.

பதினொன்றாவதை நான் பார்க்கவில்லை.
"வயிறு நிறைய முட்டைக்கா.
துடுப்பைத் தடவிப் பார்த்தேன், நம்மதுதான்.
விட்டுட்டேன்" என்றான் மருதவீரன்.
இரண்டு கிலோ இருக்குமாம். அன்றைக்கு
வேறு மீனும் ஏறவில்லை அவனுக்கு.
படம் இல்லை, சாட்சி இல்லை.
மிஸ் யோசித்தார்.

பத்துப் பேனாவில்.
ஒன்று பென்சிலில்.