குலுக்கக் கூடாது

புளியரை வணிகவரிச் சோதனைச் சாவடி.
ஆனி மாதம், இரவு பதினொன்று நாற்பது.
ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல்
எந்தப் படிவமும் நிரப்பாமல்
உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

தங்கச்சன் ஓட்டிவந்த லாரியில்
ஏலத்தில் போன எஸ்டேட் பங்களா ஒன்று
துண்டு துண்டாக இருக்கிறது:
ஈட்டிமர மேசை, கை உடைந்த நாற்காலிகள் ஆறு,
பீங்கான் தொட்டி,
கம்பளியில் சுற்றிய ஒரு பெண்.

பில்லில் அவள் இல்லை.

குற்றாலத்து ஓட்டல்காரருக்குப் போகிறாளாம்,
வரவேற்பறைச் சுவருக்கு.
"பழைய படம் சாரே, இருநூறு ரூபா எழுதிக்கோ."
மைதீன் பிச்சை சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"இந்த வயசுலயா இப்படி நரைக்கும்?" என்றார்.
நரை இல்லை, மாவு.
தலைக்கு மாவு தூவிக்கொள்கிற ஊர் ஒன்று இருந்திருக்கிறது,
மாவுக்கு வரிசையில் நிற்காதவர்களின் ஊர்.

கழுத்தில் நீல நாடா, சின்ன முடிச்சு.
தோளில் பொங்கி அடங்கிய பாலாக லேஸ்.
சிரிப்பதற்குச் சற்று முன்பா, சிரித்த பின்பா,
அதற்கும் பில் இல்லை.

எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா என்று
என் பேனா கட்டத்தின் மேல் நின்றபோது
தங்கச்சன்தான் சொன்னான்:
"ரெண்டும் இல்ல சேச்சி, பொடி. வெறும் பொடி.
ஏத்தும்போதே முதலாளி பறஞ்ஞது,
குலுக்கருதுன்னு."

பொடி.
பசை இல்லாமல், எண்ணெய் இல்லாமல்
காகிதத்தின் சொரசொரப்பில்
சும்மா உட்கார்ந்திருக்கிறாள்,
விடுமுறைக்கு முன் கரும்பலகையில் எழுதிய தேதி மாதிரி,
அழிக்க யாரும் வராததால் மட்டும்.

பில் வரும்வரை இங்கே இருக்கட்டும் என்றார் சார்.
சாரல் எட்டாத இடம் எங்கள் ஆபீசில் ஒன்றுதான்,
என் நாற்காலி.
அதில் அவளை வைத்தேன்.
நான் பழைய ரசீது மூட்டைமேல்.

டியூப்லைட் மூன்று முறை அணைந்தது.
மூன்று முறையும்
நீலம்தான் முதலில் திரும்பி வந்தது.

இரண்டு மணி வாக்கில் பார்த்தேன்:
காதுக்குக் கீழே, தாடை முடிகிற ஓரத்தில்
வரைந்தவரின் விரல் தடம்,
ரோஜா நிறத்தில், ரேகையோடு.
தேய்க்க மறந்ததோ, தேய்க்க மனம் வராததோ.
டிரைவர்களிடம் கைநாட்டு வாங்கி வாங்கி
எனக்கு ரேகை பார்த்தால் தெரியும்.
அழுத்தி வைத்தது இல்லை இது.
படத்தில் எங்கும் கையெழுத்து கிடையாது.

காலையில் ஃபேக்ஸில் பில் வந்தது. மதிப்பு இருநூறு.
அசலா நகலா என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
விவரம் என்ற இடத்தில் எழுதினேன்:
பெண், ஒன்று. கழுத்தில் நீலம். பொடி.
குலுக்கக் கூடாது.

"கடைசி வரி எதுக்கும்மா, ஆடிட்டுல கேப்பான்" என்று
சார் சிவப்பு மையில் அடித்தார்.
அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

தடுப்புக் கம்பம் உயர்ந்தது.
கம்பளிக்கு மேலே என் மழைக்கோட்டையும் சுற்றிக் கட்டிவிட்டு
தங்கச்சனிடம் சொன்னேன்,
செங்கோட்டைக்குள் வேகத்தடை நான்கு.
நான்காவதில் வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது,
மழையில் தெரியாது,
பார்த்துப் போ.