ஒரு திர்ஹம்

உம் அல் குவைன் கடற்கழி ஓரம்
மணலில் மூன்று படகுகள் கிடந்தன.
விசா முடிய ஒன்பது நாள் இருந்த கிரேக்
முதலில் காட்டியது மஞ்சளை.
புதுப் பாய். மெழுகு தேய்த்த மினுமினுப்பு.
நூருன்னிசா பையைத் துழாவி
கூஜா போட்ட ஒரு திர்ஹம் காசை எடுத்தாள்.
மூக்கிலிருந்து பின்கோடி வரை
தேங்காய் பார்க்கிறவள் மாதிரி தட்டிக்கொண்டே போனாள்.
டங். டங். டங்.
பாய்மரத்துக்கு முன்னால் ஒரு சாண் இடத்தில் மட்டும்
தொப்.
"உள்ளே ஊறிப்போச்சு. அடுத்தது."

அடுத்ததை அடக்க
இரண்டு பேருமாக நூற்றைம்பது கிலோவாவது வேண்டும்.
அவளுடைய மருந்துக்கடைத் தராசில் நாங்கள்
சாப்பிட்டபிறகு நூற்றிருபத்தாறு.

மிச்சம், வெளுத்துப்போன அந்தச் சிவப்பு.
சுக்கான் கொண்டியில் வெல்டிங் தழும்பு.
நடுவலையில் தூண்டில் நரம்பால் ஒரு தையல்,
அசிங்கமாக, ஆனால் அவசரமில்லாமல்
யாரோ போட்டது.
தட்டினாள். முழுக்க டங்.

ஆறாயிரம் என்றவர்
விமானம் நெருங்க நெருங்க
மூவாயிரத்து இருநூறுக்கு இறங்கினார்.
"இது கேட்டமரன், பார்த்து ஓட்டு" என்றார்,
தூத்துக்குடிக்காரனிடம்.
கட்டு எங்கே, மரம் எங்கே என்று தேடினேன்.
கண்ணாடியிழையில் இரண்டு ஒல்லி உடம்பு,
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததன் மேல்தான்
நாங்கள் உட்கார வேண்டும்.

மார்ச் மாதச் சனிக்கிழமை. ஷமால் காற்று.
முதல் மிதவையைச் சுற்றப் போய்
பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது படகு,
சிக்னலில் அணைந்துபோன லாரி மாதிரி.
நாலு பேரும் தாண்டிப் போனார்கள்.
ஒருவன் கையசைத்தான்.
முன்பாயைத் தப்பான பக்கம் இழுத்துப் பிடித்து,
சுக்கானை எதிர்மாறாகத் தள்ளி,
பின்னாலேயே போனோம்,
போய்ப் போய்
மனசில்லாமல் தலை திரும்பியது.

அப்புறம்
கம்பியில் தொங்கி, முதுகு அலையில் உரச,
எங்கள் பக்கத்து உடம்பு தண்ணீரை விட்டு எழுந்தது.
தடதடப்பு நின்றது.
துணி கிழிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம், நீளமாக.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
"பின்னால வா! பின்னால!"
கீழ்மூக்கு புதைகிறது,
அவள் பாதத்தின் மேல் என் பாதம்,
பெரிய பாயை யாரோ தளர்த்தினோம்.
தும்மிக்கொண்டு வெளியே வந்தது மூக்கு.

ஐந்தில் ஐந்தாவது.
கரையில் வடிகால் மூடியைத் திருகினேன்.
அரை டம்ளர் தண்ணீர்கூட வரவில்லை.
"பார்த்தியா" என்றாள்.
பாயைத் தளர்த்தியது என் கைதான் என்றேன்.
நூருன்னிசா பதில் சொல்லவில்லை.
நேரே போய் அந்தக் காசுக்குக்
கரக் டீ வாங்கினாள்.
ஒரே கோப்பை.