பச்சைதான் நடு

பின்பலகையில் பதினெட்டு திருகாணி.
பதினேழு கழன்றது.
கடைசியின் தலை எப்போதோ மழுங்கியிருந்தது,
அதைப் பலகையோடு சேர்த்துப் பிய்த்தேன்.

உள்ளே ஓர் ஆள் குந்தலாம்.
நாற்பத்தெட்டு அங்குலப் படத்துக்குப் பின்னால்
இவ்வளவு இருட்டு சும்மா கிடந்திருக்கிறது.
மூன்று குழல், மூன்று வில்லை,
மேலே சாய்ந்தபடி ஒரு கண்ணாடி.
எல்லாவற்றின் மீதும் கொடுங்கையூர் மேட்டுப் புகை
கறுப்பாய், பிசுபிசுப்பாய்,
விரலால் கணக்கு எழுதலாம் போல.

முந்தாநாளே பிளக்கைப் பிடுங்கியாச்சு.
அப்படியும் கடிக்கும் என்றார் போனில் காஜா மைதீன்.
"ஒரு கைய பாக்கெட்ல போட்டுக்கோ,
இன்னொரு கையால வேல பாரு."
லுங்கிக்கு ஏது பாக்கெட்.
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
அரைமணி நேரம் அப்படியே.
வேதவல்லி வாசலில் நின்று சிரித்தாள்.

நீல வில்லையின் ஓரத்தில் காய்ந்த பல்லி.
நீலம் என்று சொன்னது அவள் அல்ல, நானே.
நீலம் எனக்குத் தெரியும்.

கண்ணாடியைத் தேய்க்கக் கூடாதாம்.
இதற்கு ரசம் முதுகில் இல்லை, முகத்திலேயே.
பேட்டரித் தண்ணியில் பஞ்சை நனைத்து
தூங்குகிற குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல் ஒற்றினேன்.
காய்ந்ததும் விரல் வைத்துப் பார்த்தேன்.
வீட்டுக் கண்ணாடியில் எனக்கும் அவனுக்கும் நடுவே
ஒரு நூல் இடைவெளி எப்போதும் உண்டு.
இதில் இல்லை.
விரல் நேரே வந்து விரலைத் தொட்டது.
சட்டென்று கையை எடுத்தேன்.
ரேகை விழுந்துவிட்டது,
மறுபடி முதலிலிருந்து பஞ்சு.

புரசைவாக்கத்தில் லாட்ஜ் மூடியபோது
மீன்பாடி வண்டியில் ஏறி வந்த டிவி.
உலகக் கோப்பை ராத்திரிகளில்
தெருப் பையன்கள் ஜன்னல் கம்பியெல்லாம் தொங்குவார்கள்.
அப்புறம் படம் பிரிய ஆரம்பித்தது.
ஒரு பந்து மூன்றாக ஓடும்.
"உள்ள போனது எதுடா, நெசப் பந்தா, சைடு பந்தா?"
அந்தச் சண்டை மேட்சைவிட நன்றாயிருக்கும்.

மூடி, ஸ்விட்ச் போட்டு,
காஜா சொன்ன நம்பர்களை அழுத்தினோம்.
திரை முழுக்கக் கட்டம் வந்தது,
சாரத்து லுங்கியைக் கசக்கி விரித்த மாதிரி.
"பச்சதான் நடு, அத்த தொடாத.
மத்த ரெண்டையும் அதும்மேல கொண்டு வா."
ரிமோட் அவள் கையில்.
"செவப்பு எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டவள்
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி,
புள்ளி புள்ளியாய் ஒரு புத்தகம்.
மூன்றாம் பக்கத்தில் "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.
அங்கே ஓர் எண் இருந்ததாம்.
வண்டி ஓட்ட வேண்டியவன்
ஹார்பரில் கன்டெய்னருக்குக் கம்பி கட்டப் போனேன்.
நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான்
இன்றைக்கும் தெருவில் பேச்சு.
திருத்தாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

"கலர வுடு," என்றாள். "கோடு எத்தினி, அத்த சொல்லு."
ரெண்டு.
அழுத்தினாள்.
ரெண்டு. இன்னும் ரெண்டு. தாண்டிட்ட, திரும்பி வா.
ஒண்ணு.
நல்லா பாருய்யா, என்றாள். எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கீது.
நிறம் அவள் கண்ணை மினுக்கி ஏமாற்றியது.
எனக்கு மினுக்கம் கிடையாது. சந்து மட்டும் தெரிந்தது,
எறும்பு நுழைகிற சந்து.

ஜீவா ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நின்று கிளம்பும்வரை
மேல் வரிசை முடிந்திருந்தது.
சிக்னல் விழுந்ததும் நீளமாய் ஹாரன்.
அது எந்த விளக்கென்று
மேலே எரிகிறதா கீழே எரிகிறதா வைத்துச் சொல்லிவிடுவேன்,
யாரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டேகாலுக்குக் கீழ் மூலை மட்டும் பாக்கி.
ரெண்டு, என்றேன். எவ்வளவு தள்ளியும் ரெண்டு.
"கெடக்குது, அங்க எழுத்துதான் ஓடும்."

ஏதோ சேனல் வைத்தாள். விளக்கணைத்தோம்.
பிய்ந்த பதினெட்டாவது திருகாணி ஓட்டை வழியாக
பின் சுவரில் வெளிச்சம் விழுந்தது,
ஒரு ரூபாய் வட்டத்துக்கு.
இன்னா கலர் அது?
எட்டிப் பார்த்தாள், உடனே சொல்லவில்லை.
"மாறினே கீது," என்றாள்.