பொருத்தம்

மேலே போனது பன்னிரண்டு மீட்டர்,
டுரியான் மரக் கவட்டையில் வளைந்து
தண்ணீர்த் தொட்டிப் பக்கமாய் இன்னும் எட்டு.
தாமானில் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டார்கள்.
கீழே கிடப்பதை யாரும் கேட்கவில்லை.

கீழே நான்கே நான்கு கம்பிகள்.
மீட்டரில் முள் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது,
பத்துப் பொருத்தமும் கூடிவந்த ஜாதகம்.
எண்பது மீட்டரில் மூன்று வாரம் கூப்பிட்டேன்.
ஜப்பான்காரர் என்னைத் தாண்டிப் போய்
சுமத்திராவோடு பேசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் கணக்குப் போட்டேன்.
ஐம்பது ஓமில் பாதி மண்ணுடையது.
நான் அனுப்பிய நூறு வாட்டில்
ஐம்பதை வைத்து
பஹாவ் மண்புழுக்கள் குளிர்காய்ந்திருக்கின்றன.

மில்லில் எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து
செம்புக் கம்பியை உருவினேன்,
பழைய இரும்பு விலைக்குத்தான், ரசீது இருக்கிறது.
சங்குலால் புல்லைக் கீறி
கீறலுக்குள் கம்பியை விரலால் அழுத்தி
மிதித்து மூடி
அடுத்தது.
மழைக்குப் பிந்திய செம்மண் கத்திக்கு வழிவிட்டது.
வெயிலில் அதே மண் ஓடு.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
காவலர் லோக் பகதூர் பார்த்தார்.
"பாபி பிடிக்கவா?"
இல்லை, ஜப்பான் பிடிக்க என்றேன்.
சிரித்தபடியே கைப்பேசியில் வீட்டைக் கூப்பிட்டார்.
இரண்டாவது மணியில் நேபாளம் எடுத்தது.

கிழக்கே மட்டும் ஏழடியில் முடிகிறது.
வேலி, வாய்க்கால், அப்புறம் கம்பெனிச் செம்பனை.
முப்பது வருஷம் அவர்கள் கொதிகலனுக்குக் காவலிருந்தேன்,
அந்த மண்ணில் ஒரு முழக் கம்பி புதைக்க முடியாது.
மிச்சத்தை மடக்கி வேலியோரமாய் ஓட்டினேன்.

பதினாறாவது கம்பியில் முள் ஒன்றரைக்குப் போனது.
முப்பத்திரண்டில் ஒன்றே முக்கால்.
தவமணி துணி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்து
"நல்லா இருந்ததைப் பழுதாக்கிட்டீங்களா?"
நல்லா இருந்ததுதான் பழுது
என்று ஈரத்துணி சுமப்பவளிடம் எப்படிச் சொல்ல.
மண் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.
ஆமாம் என்றேன்.

காலை நான்கு மணி பத்து நிமிடம்.
சூராவில் இன்னும் பாங்கு சொல்லவில்லை.
ககோஷிமாவில் விடியப்போகிற நேரம்.
இடியின் உறுமலுக்கு அடியில்
மெல்லிய புள்ளி, கோடு, கோடு, புள்ளி:
என் பெயரெழுத்துகள், அந்நியர் கையில்.
இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.
புரியாததால் இல்லை.

என்ன ஆண்டெனா என்றார்.
கம்பி என்று தட்டினேன்.
மேலிருப்பதை மட்டும் சொன்னேன்,
கீழே இருப்பதைச் சொல்ல நேரமில்லை,
அவர் மங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை
நகராண்மைக் கழகத்தார் புல்வெட்டும் எந்திரத்தோடு வந்து போனார்கள்.
மாலையில் மீட்டரைத் திறந்தால்
முள் மறுபடி ஒன்றை நெருங்கி
அழகாக நிற்கிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு
மேற்குப் பக்கம் மண்டியிட்டேன்,
எது எது அறுந்தது என்று
புல்லை விரலால் வகிர்ந்து.