ஏழு கம்பம்

என் படலைக்கு வயர் வர
ஏழு கம்பம் வேண்டும் என்றார்
மின்சாரசபைக் கந்தோரில் கண்ணாடி போட்ட ஒருவர்.
கம்பக் காசு என் தலையில்.
துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த தொகையை
கும்புறுப்பிட்டி பஸ்ஸில் வந்துகொண்டே
வேறு சாமானாய் மாற்றிப் பார்த்தேன்:
இரண்டு சோலார் தகடு, ஒரு பற்றறி,
ஆறு மறியாடு,
கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு தாங்கி,
மிச்சத்தில் மண்வெட்டிக்குப் புதுப் பிடி.
இறக்கக்கண்டிப் பாலம் வருமுன்
கணக்கு முடிந்துவிட்டது.

கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை.
பிறகு வந்து படம் எடுத்த பிள்ளைகள்தான்
அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்,
நீளமான பெயர்.

விடிந்தால் முதல் வேலை பற்றறி முகத்தில் முழிப்பது.
பன்னிரண்டரைக்கு மேலே நின்றால் நான் ராணி.
பதினொன்றே முக்காலுக்கு இறங்கினால்
றேடியோ வாய் மூடும்,
நானும் கொஞ்சம் மூடுவேன்.
மார்கழியில் வாடை மழை பத்து நாள் பிடித்தால்
கைவிளக்குக்கும் எண்ணெய் செலவென்று
ஏழு மணிக்கே படுக்கை.
பல்லிக்கு மட்டும் அது பிடிப்பதில்லை,
வெளிச்சமில்லாமல் பூச்சி வராது.

மரவள்ளி உண்டு. கௌபி உண்டு.
வாழையை யானையும் நானும் பங்கு வைக்கிறோம்;
பங்கு பிரிப்பது யானை.
உப்புக்கு நிலாவெளி.
தீப்பெட்டிக்கு ஹயாத்து கடை.
ஊசி செய்ய எனக்குத் தெரியாது.
இதை அந்தப் பிள்ளைகள் படம் எடுக்கவில்லை.

இந்தக் குப்பியையும்தான்.
சுண்டுவிரல் உயரம். இன்சுலின்.
மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
விடியற்புறம் நம்பர் எடுத்து,
ஐஸ் நிரப்பிய போத்தலுக்குள் மடியில் வைத்துக் கொண்டுவருவது.
குளிர்ப்பெட்டி ஓட்ட என் தகட்டுக்குத் தென்பில்லை.
அதனால் பானைக்குள் பானை,
நடுவில் ஆற்று மணல், மணலுக்குள் தண்ணீர்,
மேலே ஈரச் சாக்கு.

கச்சான் அடிக்கும் மாதங்களில்
கண்ணை எரித்து, கீரையைக் கருக்கி,
சொண்டைப் பிளக்கும் அதே காற்று
பானையின் வயிற்றை நக்கி நக்கி
உள்ளே குளிரை இறக்கிவிட்டுப் போகும்.
நான் ஏசிக்கொண்டே சாக்கை நனைப்பேன்.

ஆவணியில் ஒருநாள் அது நின்றது.
முருங்கை இலை ஒன்றும் அசையவில்லை.
மணல் ஈரமாய்த்தான் இருந்தது;
பானையோ காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
குப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு
ஜெசீமா வீட்டுக்கு நடந்தேன்.
அவளுக்கு ரோட்டுக்கரைக் காணி,
கம்பம் வாசலிலேயே நிற்கிறது.
"வயர் வேணாமெண்ட ராசாத்தி வாறா" என்றாள்.
தயிர்ச்சட்டியை ஒதுக்கி
பாரைமீன் துண்டுக்கு மேல்தட்டில் வைத்தாள்.
ஒவ்வொரு முறையும் ஊசி போட
அந்த மணல் பாதையில் போய்வந்தேன்,
சோற்றுக்கு முன், ஒரு கடன்காரியைப்போல.
ஒருநாளும் அவள் முகம் சுளிக்கவில்லை.
அதுதான் கூடக் கஷ்டம்.

நாலாம் நாள் பின்னேரம்
படலையில் அவளுடைய மகன் சர்ஜூன்.
கையில் குப்பி, ஈரத் துவாயில் சுற்றி.
"காலையிலயிருந்து கறண்ட் இல்ல.
கொழும்பு மட்டும் இருட்டாம்.
உம்மா உங்கட பானைக்குள்ள வைக்கட்டாம்.
எங்கட மீனையும்..."
மீன் என் பானைக்குள் வராது என்றேன்.
கீறி உப்புப் போட்டு நாளைக்கு வெயிலில் விரி,
உப்பு இல்லையென்றால் இந்தா.
சட்டைப்பையிலிருந்து இரண்டு போனை எடுத்தான்,
ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாம்.
வாங்கி பற்றறியில் கொளுவினேன்.
முள்ளு பதினொன்றே முக்காலைப் பார்த்து நகர்ந்தது.
றேடியோவை நானே நிறுத்தினேன்.

இருட்டியதும் மேற்கே பனைகளில்
ஏதோ சரசரத்தது.
கச்சானா, யானையா?
மணலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
குளிர் என்று சொல்ல முடியாது,
சூடு என்றும் சொல்ல முடியாது.
இன்னும் ஒரு சிரங்கை தண்ணீர் தெளித்தேன்.